முத்தின தண்ணி

அதிகம் பேசக்கூடாது என்று சொல்லி டாக்டரம்மா என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வாயைக் கட்டினால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். புகைதானே, இரண்டு நாள் இருமினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்கள் படித்தால் நல்லது.

என் பெயர் வசந்தா. மரக்காணத்தில் நானும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் குத்தகைக்கு உப்பளம் எடுத்துச் செய்கிறோம். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார், நான் தண்ணீரைப் பார்த்துக்கொள்வேன். ஓடையிலிருந்து இறைத்த தண்ணீரைப் பெரிய பாத்திகளில் கட்டி வெயிலில் காயவிட வேண்டும். காயக் காய அது கனத்துக்கொண்டே வரும். உப்பு பூக்கிற பதம் வந்ததும் சின்னப் பாத்திகளுக்குத் திருப்பிவிடுவோம். பதம் வந்துவிட்டால் 'தண்ணி முத்திடுச்சி' என்போம். வரவில்லை என்றால் 'முத்தல'. காலையில் எழுந்து பாத்தியில் விரலை விட்டு, நுனி நாக்கில் வைத்துப் பார்த்து, 'முத்தல' என்று எரிச்சலோடு துப்புவதுதான் என் நாளின் தொடக்கம். தண்ணீரின் கனத்தை டிகிரியில் காட்டும் கண்ணாடிக் குழாய் எங்களிடமும் இருக்கிறது. நாக்கு சொன்னதற்கு அதைச் சாட்சியாக வைத்துக்கொள்வோம்.

எங்கள் அளத்துக்கு மேற்கே ஐயனார் கோயில் காடு. காடு என்றால் மலைக்காடு இல்லை. வீரை மரமும் பாலை மரமும் காசான் புதரும் கொடிகளோடு பின்னி, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைச் சுவராக நிற்கும். கோடையிலும் இலை கொட்டாது. அதிலிருந்து ஒரு குச்சியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. காட்டு வாசலில் ஒரு கல்தொட்டி உண்டு. அளத்து ஆட்கள் அதில் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "உப்புக் காலோட உள்ள வராத" என்று பூசாரி வாசலிலேயே நின்று விரட்டுவார். அவர் பெயர் பச்சையப்பன், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். எனக்கும் அவருக்கும் அந்தத் தொட்டியை வைத்து நடந்த சண்டைகள் ஊருக்கே தெரியும். "ஐயனாரு உப்பு போட்டுத் திங்கறதில்லயாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலைக் கழுவுவேன்.

தீ அங்கே தொடங்கவில்லை. காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. மரம் வெட்டிய பிறகு கிடந்த மிளாறைக் கொளுத்தினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், பீடி என்று சிலர். யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. சவுக்குச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும், அதில் தீ முதலில் தெரியாது. அடியிலேயே ஊர்ந்து வந்து திடீரென்று எழுந்து நிற்கும். அன்றைக்கு மேல்காற்று வேறு. நாங்கள் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். வெள்ளைக் குவியலின் மேல் கறுப்பாக ஏதோ விழுந்தது. காக்கை எச்சமோ என்று தட்டிவிட்டேன், சாம்பல்.

அதற்குப் பிறகு வந்தவை மிருகங்கள். முயல்கள் காட்டைவிட்டு ஓடிவந்து வரப்பில் நின்றன, மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறோம் என்ற பயமே இல்லாமல். ஒரே வரப்பில் கீரியும் பாம்பும் போயின, ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்கவில்லை. மயில்கள் பறக்கத் தெரியாதவை போல விழுந்து விழுந்து எழுந்தன. ஒரு நரி பெரிய பாத்தியில் இறங்கி முட்டிவரை உப்புத் தண்ணீரில் நின்று காட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் மணல் பாதையில் பெரிய வண்டி வந்து சேர நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். என்னால் நிற்க முடியவில்லை. எஞ்சினைத் தள்ளுங்கள், ஓஸை இழுங்கள் என்று கத்தினேன். ஓடைத் தண்ணீர் நிற்கும் பாத்தி தூரத்தில் இருந்தது, ஓஸ் எட்டவில்லை. காட்டோரம் இருந்த பாத்தி நிறைய நின்றது, மறுநாள் காலையில் திருப்பிவிட வேண்டிய தண்ணீர்.

"வசந்தா, அது முத்தின தண்ணி" என்றார் என் வீட்டுக்காரர்.

"தீக்கு இன்னாங்க தெரியும், முத்துனதும் முத்தாததும்? போடுங்க!"

அவருக்கு ஒரு பாத்தி உப்பு போகிறதே என்ற கவலை. எனக்கு அதுகூட அப்போது இல்லை. ஓஸின் முனையைப் பிடித்துக்கொண்டு மண்குதிரைகளுக்கும் மரங்களுக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள் போய்விட்டேன். அன்றைக்கு யாரும் கால் கழுவவில்லை. இலையில், தண்டில், வேரில் என்று கண்ட இடத்தில் எல்லாம் பீய்ச்சினேன். பட்ட இடத்தில் தீ சீறிக்கொண்டு அடங்கியது. நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் காற்று ஒரு முறை திரும்பி, புகை மேலே போகாமல் சந்துக்குள் இறங்கியது. மூச்சை இழுத்தேன், உள்ளே எதுவும் வரவில்லை. அவர் என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்ததாகச் சொன்னார்கள்.

பாதிக் காடு எரிந்தது. கிழக்குப் பாதி, பழைய பாலை மரம் நிற்கிற பாதி, நின்றது. ஊரே என்னைச் சுற்றி நின்று, "வசந்தாதான் காப்பாத்துனா" என்றது. நான் சிரித்தேன். சிரிப்புச் சத்தம் வேறு யாருடையதோ போல வந்தது.

மெடிக்கல் ஷாப்பில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். தொண்ணூற்றொன்பது காட்டியது. "சூப்பரா இருக்குதுக்கா, எனக்கே இவ்ளோ வராது" என்றான் கடைக்காரப் பையன். தலை மட்டும் உலக்கையால் இடித்த மாதிரி வலித்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், குரல் வரவில்லை. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் ஒரு சத்தம், துருப்பிடித்த கதவைத் திறப்பது போல. துப்பினால் கறுப்பாக வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைகூடப் போடாமல் கார் கூப்பிட ஓடினார். பாண்டிக்குப் போகிற வழி முழுக்க நான் கதவைத் திறக்கப் பார்த்தேனாம். உட்கார முடியவில்லை, சாய முடியவில்லை, எதையாவது பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. அது என் குணம் என்று அவர் நினைத்திருக்கிறார். மூளைக்குப் போதிய காற்று போகாவிட்டால் மனிதர்கள் அப்படித்தான் தவிப்பார்களாம்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என்னைப் பார்த்தது நெஞ்சு டாக்டர், சின்ன வயதுப் பெண். ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து என் மூக்கைப் பார்த்தார்.

"மூக்கு முடி கருகியிருக்கு. எப்ப நடந்தது?"

"நேத்தி மத்தியானம் டாக்டர்" என்றார் இவர். "கிளிப்பு போட்டுப் பாத்தோம். தொண்ணூத்தொம்பது இருந்துச்சி."

"புகை குடிச்சவங்களுக்கு அந்தக் கிளிப்ப நம்பக்கூடாதுங்க. பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்க இல்ல? புகையில ஒரு வாயு இருக்கு, கார்பன் மோனாக்சைடுன்னு. அது ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார்ற சீட்டுல எல்லாம் துண்டு போட்டுடும். கிளிப்புக்கு சீட்டு ஃபுல்னுதான் தெரியும். உட்கார்ந்திருக்கறது ஆக்சிஜனா, துண்டான்னு அதுக்குத் தெரியாது."

இவ்வளவு அழகாகச் சொன்ன வாயால்தான், அடுத்து மணிக்கட்டில் ஊசி போடச் சொன்னார். வழக்கமாக ரத்தம் எடுக்கிற நரம்பு இல்லை, நாடி துடிக்கிற குழாய். அதில் எடுத்தால்தான் துண்டு எத்தனை, ஆக்சிஜன் எத்தனை என்று தெரியுமாம். பிரசவத்தில்கூட நான் அப்படித் துள்ளியதில்லை. அப்புறம் மூக்கு வழியாக மெல்லிய குழாயில் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். திரையில் என் தொண்டை தெரிந்தது. சிவந்து வீங்கி, நடுவில் குரல் வருகிற இரண்டு மடிப்புகள், அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் சுவரெல்லாம் கரி. எரிந்த காடு எனக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றியது, அழுகை வந்தது, அழவும் மூச்சு போதவில்லை.

"வீக்கம் இன்னும் ஏறுச்சுன்னா மூச்சுப் பாதையே அடைச்சுக்கும். அப்ப டியூப் போட்டு மெஷின்ல வைக்கணும்" என்றார் டாக்டரம்மா. "இப்போதைக்கு வேணாம்னு பாக்கறேன். நல்லவேளை, இன்னும் முத்தல."

என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. "முத்தலன்னா... இனிமேதான் ஆவணுமா டாக்டர்?"

"ஐயோ, நோய் முத்தலங்க. அதுக்குள்ள வந்துட்டீங்க. நல்ல விஷயம்தான்."

"எங்க தொழில்ல முத்தலன்னா அன்னிக்குப் பூரா சோறு எறங்காதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வந்தது, இருமினால் நர்ஸ் ஓடி வந்தாள்.

முகத்தில் பை தொங்கும் மாஸ்க், கையில் டிரிப்ஸ், கட்டில் பக்கத்தில் ஒரு தட்டில் பச்சைத் துணி மூடிய டியூப். அந்தத் துணியைத்தான் நான் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது அதன் பக்கம் நடந்தால் கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பேன். தூங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து தூங்கவே இல்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன், பெட்ஷீட்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். "அம்மா, மாஸ்க்க கழட்டாதீங்க" என்பதைத் தவிர அந்த நர்ஸுக்கு வேறு பேச்சே இல்லாமல் செய்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, பேசக்கூடாது என்றது. குரல் மடிப்பு வெந்துபோயிருக்கிறது, இப்போது கஷ்டப்படுத்தினால் குரல் பழையபடி திரும்பாமல் போகலாம் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு அது திருவிழா. பதில் சொல்ல முடியாத வசந்தாவை அவர்கள் பார்த்ததே இல்லை. என் நாத்தனார் பழைய கணக்கை எல்லாம் உட்கார்ந்து நிதானமாகத் தீர்த்துவிட்டுப் போனாள்.

வந்தவர்கள் காட்டைப் பற்றியும் சொன்னார்கள். எரிந்த பக்கத்தில் அடிமரங்கள் இன்னமும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கின்றன என்றார்கள். சாம்பலைக் கிளறினால் ஆமை ஓடுகள் வருகின்றனவாம், ஓட முடியாதவை. கால் வெந்த மயில் ஒன்று பள்ளிக்கூடத்து மதில் மேல் உட்கார்ந்து இறங்கவே மாட்டேன் என்கிறதாம். அளத்து ஆட்கள் பாதிப்பேர் இருமுகிறார்கள், குவியலில் இருந்த உப்பு சாம்பல் படிந்து பழுப்பேறிவிட்டது. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா நீ காப்பாத்துன பக்கம் பச்சப்பசேல்னு இருக்குது. பூசாரி உனக்குப் பரிவட்டம் கட்டணும்னு சொல்லிட்டிருக்காரு" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் மூச்சு விட்டேன். அது மருந்தைவிட நன்றாக வேலை செய்தது.

வீக்கம் இறங்க ஆரம்பித்ததும் பச்சைத் துணித் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். புகை போல மருந்து வருகிற நெபுலைசரை வைத்தார்கள். முதல் இழுப்பிலேயே உதட்டில் ஒரு ருசி. என் நாக்கு தன் வேலையைச் செய்துவிட்டது. உப்பு. டாக்டரம்மாவைப் பார்த்துக் குழாயைக் காட்டி, கையால் 'என்ன' என்றேன்.

"உப்புத் தண்ணிதாம்மா. மூணு பர்சன்ட் சலைன்."

கிட்டத்தட்ட கடல் தண்ணீர். எங்கள் பாத்தியில் அது முதல் நாள் தண்ணீர். நான் முகத்தைச் சுளித்ததும் அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"உப்பு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தண்ணி இழுக்கும். உள்ள கரியோட ஒட்டிக்கிட்டிருக்கற சளிமேல இது பட்டதுன்னா, சதையில இருந்து தண்ணிய இழுத்து சளிய இளக்கிவிடும். நீங்க துப்பிடலாம். ஆனா அளவாத்தான் வைப்போம். ரொம்ப ஸ்ட்ராங்கா வச்சா நல்ல சதையும் காஞ்சி வெந்துடும்."

அவர் எழுந்து போய்விட்டார். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் ஜாடியில் தண்ணீர் விடுகிறதே, அது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் மாங்காயிலிருந்துதானே வருகிறது. மாங்காய் சுருங்கிவிடுகிறது.

வேர். நான் பீய்ச்சியது முதல் நாள் தண்ணீர் இல்லை. மறுநாள் உப்பாகப் போகிற தண்ணீர். முத்தின தண்ணீர். அதை வேரில் நிற்க நிற்க ஊற்றிவிட்டு, காட்டையே ஊறுகாய் போட்டுவிட்டு, இங்கே வந்து படுத்துக்கொண்டு பரிவட்டத்துக்குக் காத்திருக்கிறேன். அளத்தைச் சுற்றி ஒரு புல் முளைக்காது என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். அப்போது தோன்றாமல் போயிற்றே என்று என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டேன்.

இவர் ஓடி வந்தார். சலைன் பாட்டிலைக் காட்டினேன், கையை மரம் மாதிரி விரித்தேன், அப்புறம் விரல்களைச் சுருக்கினேன். "கை மரத்துப்போச்சா?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். "தலவலியா?" அவர் போனைப் பிடுங்கி, 'நல்ல தண்ணி ஊத்தணும் சீக்கிரம்' என்று தட்டிக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வேகமாகப் போனார். அப்பாடா, புரிந்துகொண்டார் என்று சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கேன்டீனில் இருந்து ஒரு பாட்டில் மினரல் வாட்டரோடு வந்து நின்றார். நல்ல தண்ணீராம். எனக்கு வாயில் ஊற்றுவதற்காம். அவரைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மறுபடி தட்டினேன். இந்தத் தடவை 'மரத்துக்கு' என்று சேர்த்தேன். அவர் உதடு அசையப் படித்தார். அவருக்கும் அளம்தானே தொழில், ஒரு வரிக்கு மேல் தேவைப்படவில்லை.

"பச்சையாத்தான் இருக்குது வசந்தா" என்றார், கெஞ்சுகிற மாதிரி.

அவர் பூசாரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏம்பா ஏழுமல, இன்னா பேசற நீ? தீய அணைச்ச தண்ணிய போயி வெஷம்ன்றியே. ஊரே உம் பொண்டாட்டிய கும்புடுது. எல ஒண்ணுகூட வாடல. மருந்து தலைக்கு ஏறிடுச்சாய்யா அவளுக்கு?"

"இல்லண்ணா, அவ இன்னா சொல்றான்னா..."

"ஊருக்குக் குடிக்கவே நல்ல தண்ணி கேனுல வருது. காட்டுக்கு ஊத்தணும்னு நான் போயி கேட்டா செருப்பால அடிப்பாங்க. வச்சிடுய்யா."

இவருக்கு யாரையும் எதிர்த்துப் பேசி வராது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. போனை வைக்கப் போனார். எனக்குக் குரல் மடிப்பு ஞாபகம் வந்தது, டாக்டரம்மா ஞாபகம் வந்தார். அளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற என் குரல் ஞாபகம் வந்தது. அந்தக் குரல் இல்லாமல் நான் யார் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாலை மரமும் எனக்குத் தெரிந்த நாளாக நிற்கிறது. போனை வாங்கினேன்.

நிறையப் பேச முடியாது என்று தெரியும். இருக்கிற கொஞ்சத்தில் எதைச் சொன்னால் அந்த மனுஷனுக்கு உறைக்கும்?

"அண்ணா" என்றேன். தொண்டைக்குள் மணல் அரைபட்டது. "கால கழுவுங்க."

"யாரு? வசந்தாவா? யாரு கால?"

"மரத்துக் கால. உப்புக் காலு."

பூசாரி, "ஐயனாரப்பா" என்றார், மெதுவாக. என்னிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த இருமலில் கரியோடு சிவப்பும் வந்தது. டாக்டரம்மா வந்து என்னைத் திட்டிய திட்டு, என் நாத்தனாரே பரவாயில்லை என்று ஆக்கிவிட்டது. "உங்களுக்கு குரல் வேணாமாம்மா?" என்று கேட்டார். வேண்டும் என்று தலையாட்டினேன். வேண்டும்தான். யாருக்கு வேண்டாம்?

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்பதுதான் அடுத்த தவிப்பு. எங்கள் பக்கத்தில் கிணறு தோண்டினால் உப்புத்தான். என் மகள் சுமதியை வானூர் பக்கம் உள்ளே தள்ளி ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மாமியார், என் சம்பந்தியம்மா, பார்க்கும்போதெல்லாம் "எங்க போர்த் தண்ணி இனிக்குமுங்க" என்று ஆரம்பிப்பார். "எங்க உப்பு இல்லன்னா அந்த இனிப்புத் தண்ணில வெந்த சோத்த யாரு திம்பாங்க?" என்று நானும் விடமாட்டேன். கல்யாணப் பந்தியிலிருந்து நடக்கிற சண்டை அது. இப்போது அந்தத் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். சுமதியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனில் தட்டிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "எங்க அத்தகிட்ட நீயா கேக்கற?" என்று சிரித்தாள். நான் முறைத்தேன்.

மறுநாள் சம்பந்தியம்மாவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். தூக்குவாளியில் கஞ்சி. கட்டிலோரம் நின்று, எனக்குப் பதில் சொல்ல முடியாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே கேட்டார்: "இன்னா சம்பந்தியம்மா, எங்க தண்ணி இனிக்குதா இல்லியா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிரித்துவிட்டார். "அட போம்மா, இதுக்குப் போயி. டிராக்டர் டேங்கர் காலையிலயே பொறப்பட்டுடுச்சி. உங்க மாப்பிள்ளதான் ஓட்டிக்கினு போறான். பயிருக்கு ரெண்டு நாளு தண்ணி கொறஞ்சா ஒண்ணியும் ஆவாது" என்றார். கோடையில் விவசாயி வாயிலிருந்து அந்தச் சொல் வருவது சாதாரணம் இல்லை. அதற்கப்புறம் கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டினார். உப்பு குறைவாக இருந்தது. சொல்லவில்லை.

டேங்கர் வந்து வந்து போயிற்று. பூசாரியே கல்தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு முதல் வாளியைப் பாலை மரத்தின் அடியில் ஊற்றினாராம். அளத்து ஆட்கள் வாய்க்கால் வெட்டி வேர்களைச் சுற்றித் தண்ணீர் கட்டி, அது உப்பை இழுத்துக்கொண்டு வழிந்தோட விட்டார்களாம். தண்ணீர் கட்டுவதும் திருப்பிவிடுவதும் எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனாலும் அந்த வாரத்தின் முடிவில் இலை கொட்ட ஆரம்பித்துவிட்டது. சுமதி சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்கள் 'பச்சப்பசேல்' என்பதை நிறுத்திவிட்டார்கள், அதிலிருந்து தெரிந்துகொண்டேன். மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பந்துகளை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். ஒரு பந்துதான் எழுந்தது. எழுந்த பந்து நிற்காமல் விழும். நான் விடாமல் இழுத்தேன். சீக்கிரம் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டரம்மா மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார். நுரையீரல் ஆறிவருகிறது, புகைப் பக்கம் தலைவைக்கக்கூடாது, அளத்துக்குக் கொஞ்ச மாதம் கழித்துப் போகலாம் என்றார். குரலில் ஒரு மடிப்பு சரியாக மூடவில்லை. "பேச்சு வரும். பழைய சத்தம் வருமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா." அதைக் கேட்டு நான் வருத்தப்படவில்லை என்றால் பொய். கார் திண்டிவனம் பிரியும் ரோட்டைத் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டில் அடைத்துவைத்திருந்தார்கள். ஒரு கோடைமழை பெய்தது. அதற்குப் பிறகும் பத்து நாள் பொறுத்துவிட்டு, இனி முடியாது என்று கிளம்பிவிட்டேன். இவர் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வந்தார். நடுவில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வரப்பில் ஒரு முயல்கூட இல்லை. நரியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்றார் இவர்.

காட்டு வாசலில் பூசாரி நின்றிருந்தார். நான் எதுவும் கேட்காமல் தொட்டியில் கால் கழுவினேன். இரண்டு முறை.

எரிந்த பக்கம் கரிக்கட்டைகளாக நின்றது. ஆனால் மழைக்கு அடிமரங்களிலிருந்து தளிர் விட்டிருந்தது, செம்பு நிறத்தில், கொத்துக் கொத்தாக. தீ மேலே தின்றுவிட்டுப் போய்விட்டது, வேரைத் தொடவில்லை. நான் காப்பாற்றிய பக்கத்தில் ஒரு கரிக்கறைகூட இல்லை. அத்தனையும் பழுப்பு. காசான் புதர்கள் தொட்டதும் பொடிந்தன. வீரை மரங்கள் இரண்டு நின்றபடியே செத்திருந்தன. தீ செய்யாததை நான் செய்திருக்கிறேன் என்று நினைத்ததும் பக்கத்தில் நின்ற மண்குதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரிவட்டம்..." என்று பூசாரி ஏதோ ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன்.

பாலை மரத்தில் இலையே இல்லை. தலைக்கு மேல் ஒரு கிளையை வளைத்து நகத்தால் கீறினேன். பட்டைக்கு அடியில் பழுப்பு. இன்னொரு கிளை, அதுவும் பழுப்பு. எட்டின இடத்தில் எல்லாம் கீறிப் பார்த்தேன். நகத்தில் ரத்தம் வந்தது. "வுடு வசந்தா, போதும் வா" என்றார் இவர். நான் விடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா வீட்டுத் தண்ணீர் நின்று காய்ந்த இடத்தில் மண் வெடித்திருந்தது. அந்தப் பக்கமாக அடிமரத்தில், மண்ணை ஒட்டி ஒரு இடத்தில் கீறினேன். ஈரமாக இருந்தது. பச்சையாக இருந்தது. நகத்தை எடுத்துப் பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்தேன். லேசான கசப்பு. உப்பு இல்லை.

இவர் பக்கத்தில் குனிந்தார். பூசாரியும் குனிந்தார்.

"எப்டி இருக்குது?" என்றார் இவர்.

நான் வாயைத் திறந்தேன். அளத்தில் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குக் கேட்ட குரல், குனிந்து நின்ற அவர்கள் இருவருக்கு மட்டும்தான் கேட்டது.

"முத்தல."